எல்லாம் பிள்ளைகளுக்காகத்தானே!



தன்னலம் பாவம் என்று சிறுவயதில் ஞானோபதேச வகுப்பிலேயே படித்துவிட்டோம். ஆயினும் நம் பாவங்களை எண்ணிப்பார்க்க உட்காரும்போது அது அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை. பொய் சொன்னேன், கோபப்பட்டேன், ஞாயிறு பூசையைத் தவறவிட்டேன் என்று சொல்ல நமக்குத் தெரியும். ‘நான் தன்னலக்காரன்’ என்று சொல்ல மட்டும் நாக்கு எழும்புவதில்லை. வெட்கம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், நாம் தன்னலக்காரர் என்று நமக்கே தோன்றாததுதான்.

ஏன் தோன்றுவதில்லை? தன்னலக்காரன் என்றதும் நம் மனக்கண்ணில் வருகிறவன் யார்? பணப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுத் தனியே சாப்பிடுகிற கஞ்சன். அப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஒருவரோ இருவரோ இருப்பார்கள். நாம் அப்படியில்லையே! விடியமுன் வலையைத் தூக்கிக்கொண்டு வாவியில் இறங்குகிற தகப்பன் தன் வயிற்றுக்காகவா இறங்குகிறார்? மத்திய கிழக்கு நாட்டில் அந்நியர் வீட்டுத் தரையைக் கழுவி, மாதாமாதம் காசு அனுப்புகிற தாய் தனக்காகவா கழுவுகிறாள்? பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது நம் பகுதி வழக்கம். அந்த ஒரு வீட்டுக்காகத் தங்கள் வாழ்நாளையே கல்லும் சீமெந்துமாக மாற்றிவிட்ட பெற்றோரை எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் எத்தனையோ பேரை நாம் அறிவோம். கேட்டால் ஒரே பதில்: ‘எல்லாம் பிள்ளைகளுக்காகத்தானே!’

இது தியாகம் இல்லையா? தியாகந்தான். அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் தியாகம் நுழைந்த அதே கதவால், தியாகத்தின் உடுப்பை உடுத்துக்கொண்டு, தன்னலமும் நம் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. ‘எனக்கு’ என்று கேட்கக் கூச்சப்படுகிற நாம், ‘என் பிள்ளைக்கு’ என்று கேட்கும்போது கூச்சப்படுவதில்லை. ‘எனக்கு’ என்று பிறர் காணியில் ஒரு முழம் தள்ளி வேலி போட மனம் கூசும். ‘பிள்ளைகள் நாளைக்கு இருக்க வேண்டுமே’ என்று நினைத்துவிட்டால் கதியால் தானாகவே நகர்ந்துவிடும்! இன்றைய பாடம் இந்த இரண்டாவது வகைத் தன்னலத்தைப் பற்றியது.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். தன்னைத் தான் நேசிப்பது பாவம் அன்று. அயலானை எந்த அளவில் நேசிக்க வேண்டும் என்று சொல்லும்போது, நம்மையே நாம் நேசிக்கும் அளவைத்தான் ஆண்டவர் அளவுகோலாக எடுத்தார். லேவியர் ஆகமத்திலும் மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்திலும் இதைக் காண்கிறோம். உடம்பைப் பேணுவது, படிப்பது, உழைப்பது, பிள்ளைகளை ஆளாக்குவது எல்லாம் கடமைகள். புனித தோமா அக்குவினார் பாவங்களின் வேரைத் தேடிக்கொண்டு போய், ஒழுங்கு தவறிய தன்னன்பு என்ற இடத்தில் நிற்கிறார். ‘ஒழுங்கு தவறிய’ என்ற அடைமொழியில்தான் விஷயம் இருக்கிறது. தாய் தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது ஒழுங்கு. அடுத்த வீட்டுப் பிள்ளையின் கோப்பையிலிருந்து எடுத்து ஊட்டினால் ஒழுங்கு தவறிவிட்டது. ஊட்டுகிற கையும் பிள்ளையும் பாசமும் அவையேதான். சோறு வந்த இடம்தான் வேறு.

இது மிகைப்படுத்திச் சொன்ன உவமை என்று நினைக்கிறீர்களா? தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் காலத்தில் நம் வீடுகளில் நடப்பதைக் கவனியுங்கள். “மனே, உன்ட கொப்பிய ஒருத்தருக்கும் குடுத்துப்போடாத” என்று ஒரு தாய் சொல்கிறார். பிள்ளை பத்து வயதுப் பிள்ளை. நேற்றுவரை பக்கத்து வாங்கில் இருப்பவனோடு மாங்காயைக் கடித்துப் பகிர்ந்து தின்ற பிள்ளை. காய்ச்சலில் பத்து நாள் பள்ளிக்கு வராத அந்தத் தோழன் இன்று குறிப்புக் கேட்டு வாசலில் நிற்கிறான். ‘கொப்பி வீட்டில் இல்லை’ என்று சொல்லச் சொல்லித் தருகிறோம். பரீட்சையில் பிள்ளை எத்தனை புள்ளி எடுக்குமோ தெரியாது. ஆனால் அன்றைக்கு அது ஒரு பாடத்தைச் சந்தேகமறக் கற்றுக்கொண்டது: பக்கத்திலிருப்பவன் என் பங்கைப் பறிக்க வந்தவன். இருபது வருடத்துக்குப் பின் அதே பிள்ளை கூடப்பிறந்தவளின் காணியைப் பறிக்க வழக்குப் போடும்போது நாம் தலையில் கைவைத்துக்கொள்கிறோம், ‘இவனுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது?’ என்று.

மாவெல்லக் கரைவலைகள்

வீட்டுக்குள் கற்ற இந்தப் பாடம் ஊர்ப் பொதுவில் என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் ஆராய்ச்சிச் சான்று இருக்கிறது. தெற்கே தங்காலைக்கு அருகே மாவெல்ல என்றொரு மீன்பிடிக் கிராமம். அங்கே பெரிய கரைவலை போடுவார்கள். நம் கடற்கரையிலும் நீங்கள் பார்க்கிற அதே தொழில்தான். கரை ஒன்று, வலைகள் பல. ஆகவே முறைவைத்து இறக்குவது வழக்கம். மீன் படும் நல்ல வேளையும் படாத வேளையும் எல்லாருக்கும் மாறிமாறி வரும்படி பெரியவர்கள் ஒழுங்கு செய்திருந்தார்கள். எவ்வளவு நியாயமான ஏற்பாடு!

இந்த ஏற்பாட்டுக்குள் தன்னலம் எப்படி நுழைந்தது? ஒருவர் புதிதாக ஒரு வலை சேர்த்தால் அவர் குடும்பத்துக்கு ஒரு முறை கூடுதலாகக் கிடைக்கும். அதனால் வரும் நட்டமோ எல்லா வலைகளின் மீதும் சிறிதுசிறிதாகப் பரவிவிடும். ஒருவருக்கும் பெரிதாக வலிக்காது. கிடைப்பது எனக்கு, இழப்பது எல்லாரும். கணக்கு இப்படி அமைந்துவிட்டால் யார்தான் வலை சேர்க்கமாட்டார்கள்? வளர்ந்துவரும் பிள்ளைகளுக்குப் பங்கு வைக்க வேண்டிய தகப்பன் சேர்க்காமல் இருப்பாரா? ஒருவரைப் பார்த்து ஒருவர் சேர்த்தார்கள். வலைகளின் தொகையை மட்டுப்படுத்தச் சட்டம் இருந்தது. செல்வாக்கின் முன் அது நிற்கவில்லை. கடைசியில், சில வலைகளே போதுமாயிருந்த கரையில் அதைப்போலப் பல மடங்கு வலைகள் வந்து குவிந்தன. பணம் போட்டுக் கட்டிய வலைகள் தங்கள் முறைக்காகக் கரையில் காத்துக் கிடந்தன. கடலில் மீன் கூடவில்லையே!

இதை அங்கே நேரில் ஆராய்ந்தவர் போல் அலெக்சாந்தர் என்ற மானிடவியலாளர். பின்னர் அமெரிக்கப் பேராசிரியை எலினோர் ஒஸ்ட்ரொம் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், பொதுவளத்தை ஆள்வதில் தோற்றுப்போன ஊர்களுக்கு உதாரணமாக மாவெல்லவையும் எடுத்துக்காட்டினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவர். உலகின் வேறு இடங்களில் இத்தகைய பொதுவளத்தை மக்கள் தாமே விதி செய்து, தாமே காவல் வைத்து, நூற்றாண்டுகளாகக் காத்து வந்ததையும் அவர் காட்டினார் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. மனிதர் எங்கும் எப்போதும் தன்னலக்காரரே என்று சொல்லிக் கையை விரித்துவிட அவருடைய ஆராய்ச்சி இடம் தரவில்லை.

மாவெல்லவில் பேராசைக்காரர்களா குடியிருந்தார்கள்? இல்லை. ஒவ்வொருவரும் தம் பிள்ளைகளை நினைத்தார்கள், அவ்வளவுதான். நம் வாவியைப் பாருங்கள். ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்தத் தண்ணீர் யாருடைய சொத்து? தடை செய்யப்பட்ட தங்கூசி வலையை இரவில் போட்டு, குஞ்சும் குருமனுமாக அள்ளுகிறவரும் பிள்ளைகளுக்காகத்தான் அள்ளுகிறார். அந்தக் குஞ்சு வளர்ந்திருந்தால் இன்னொருவருடைய பிள்ளைக்கு அது நாளைய சோறு. கண்டலை வெட்டுகிறவரிடம் கேட்டாலும் இதே பதில்தான் வரும்.

எல்லா வழக்கும் இவ்வளவு எளிதல்ல என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். மாரியில் வெள்ளம் ஏறும்போது ஆற்றுவாய் வெட்டும் விவகாரம் வருகிறதே, அதில் யார் தன்னலக்காரர்? தண்ணீருக்குள் நிற்கும் நெல்லைக் காக்க உடனே வெட்டுங்கள் என்கிறார் வேளாண்மைக்காரர். இறால் வளரமுன் வெட்டினால் எல்லாம் கடலோடு போய்விடும் என்கிறார் மீன்பிடிப்பவர். இருவருக்கும் நியாயம் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் பிறர்நலம் என்பது விட்டுக்கொடுப்பதற்கு முன்னே மற்றவருடைய தொழிலை விளங்கிக்கொள்வதில் தொடங்குகிறது. கச்சேரிக் கூட்டத்துக்குப் போகுமுன் ஒரு தடவை மற்றவருடைய வயலின் வரம்பில் நின்று பார்த்தவர் எத்தனை பேர்?

‘பிள்ளைகளுக்காக’ என்ற இந்தப் பதில் புதியதும் அன்று. கி.பி. 369 அளவில் கப்பதோக்கியா நாட்டைக் கொடிய பஞ்சம் வாட்டியது. களஞ்சியம் நிறையத் தானியம் வைத்திருந்தவர்கள் விலை ஏறட்டும் என்று பூட்டிவைத்தார்கள். அப்போது குருவாயிருந்த, பின்னர் ஆயரான பெரிய புனித பசிலியார், தாமே பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். தம்மிடமிருந்ததைக் கொடுத்து, மற்றவர்களிடமும் கேட்டு வாங்கி, பசித்தவருக்கு உணவளித்தார். செல்வரை நோக்கி அவர் ஆற்றிய மறையுரைகளில் ஒன்றில் இந்தச் சாக்கையே எடுத்து ஆராய்கிறார். பிள்ளைகளைத் தரும்படி கடவுளை வேண்டினீர்களே, அப்போது உமது கட்டளைகளை மீறுவதற்கு வசதியாகப் பிள்ளைகளைத் தாரும் என்றா வேண்டினீர்கள் என்ற கருத்தில் அவர் கேட்கிறார். பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை.

சரி, இதை வெல்வது எப்படி? ஒரு தியானத்தில் அழுதுவிட்டால் போய்விடுமா? நல்ல மறையுரையைக் கேட்டு நெஞ்சு கனத்தால் போய்விடுமா? போகாது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியை அனுபவித்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த நாட்களில் ஒரே பானையில் சமைத்து, யார் எவர் என்று பாராமல் உண்டதைச் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பிறகும் அப்படித்தான். ஆனால் தண்ணீர் வடிந்து நிவாரண அட்டை வந்ததும் என்ன நடந்தது என்பதையும் அவர்களே சொல்வார்கள். பேரிடர் நம் வேலிகளைச் சாய்த்துவிடும். ஆனால் வேலி போட்டுப் பழகிய கை அப்படியேதான் இருக்கும். அந்தக் கைக்கு நாள்தோறும் வேறொரு பழக்கம் வர வேண்டும்.

பந்தைக் கையில் வைத்திருக்கக் கூடாது

இதைச் சொல்லும்போது மட்டக்களப்பில் நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் ஒரு பெயர் நினைவுக்கு வரும்: இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை யூஜின் ஜோன் ஹேபர்ட். 1923இல் ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்தவர். 1948இல், இருபத்தைந்து வயதளவில், இங்கே வந்தார். திருகோணமலையிலும், பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பணியாற்றினார். கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர் என்றே பலர் அவரை அறிவார்கள். மிக்கேல் கல்லூரி என்றால் கூடைப்பந்து என்று கொழும்பிலும் பேசப்பட்ட காலம் அது.

விளையாட்டைப் பற்றி இங்கே ஏன் பேச்சு என்று கேட்கலாம். இந்த ஆட்டத்தை 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில் உருவாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர். அவர் எழுதிய முதல் விதிகளிலேயே ஒன்று, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்பது. பிடித்த இடத்திலிருந்தே எறிந்துவிட வேண்டும். பின்னர் தரையில் தட்டிக்கொண்டு போக இடங்கொடுத்தார்கள். ஆயினும் இன்றைக்கும், எதிரணியினர் ஒருவர் நெருங்கி நின்று மறிக்கும்போது பந்தைக் கையில் பிடித்தபடி 5 விநாடிக்கு மேல் நின்றால் பந்து மற்ற அணிக்குப் போய்விடும். பதினைந்து வயதில், எல்லாரும் தன்னைப் பார்த்துக் கைதட்ட வேண்டும் என்று துடிக்கிற வயதில், பந்தைக் கைவிடப் பழகுவது சிறிய காரியமா? அருட்தந்தை ஹேபர்ட் தம் மாணவருக்கு என்ன அறிவுரை சொன்னார் என்று கற்பனை செய்து எழுத நான் விரும்பவில்லை. ஆயிரம் மாலைப் பொழுதுகளில் வெயிலில் நின்று, விசில் ஊதி, பந்தைக் கைவிடப் பழக்கினார் என்பதே எனக்குப் போதும்.

பின்னாளில், படிப்பை இடையில் விட்ட இளைஞருக்குக் கைத்தொழில் கற்பிக்கும் நிறுவனத்தை அவர் நடத்தினார். போர் மூண்டபோது மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் சேர்ந்து, பிள்ளைகளைக் காணவில்லை என்று அழுதுகொண்டு வந்த தாய்மாருக்காகப் பேசினார். அது எவ்வளவு ஆபத்தானது என்பது அவருக்குத் தெரியாததன்று. பிரஜைகள் குழுத் தலைவராயிருந்த அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 ஜூன் 6ஆம் திகதி இதே நகரில் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். ஹேபர்ட் அவர்களிடம் அமெரிக்கக் கடவுச்சீட்டு இருந்தது. விமானம் ஏறியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

1990 ஆகஸ்ட் மாதம் நம் மாவட்டம் கண்ட மாதங்களில் மிகக் கொடியவற்றுள் ஒன்று. 3ஆம் திகதி காத்தான்குடியில் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் பெண்களும் குழந்தைகளும்கூட வெட்டப்பட்டும் சுடப்பட்டும் இறந்தார்கள். தமிழ்க் கிராமங்களிலும் பழிவாங்கலும் சாவும். பயத்தால் பாதைகள் வெறிச்சோடிக் கிடந்தன. ‘நம்மவர்’ என்ற வேலிக்குள் ஒவ்வொரு சமூகமும் ஒடுங்கிக்கொண்ட நாட்கள். அந்த நாட்களில், ஆகஸ்ட் 15ஆம் திகதி, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அருட்தந்தை ஹேபர்ட் காணாமற்போனார். அவருக்கு வயது 66. உடல் கிடைக்கவில்லை. அவர் போன ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை.

அவரோடு அன்று கூடப்போனவர் பெர்ட்ராம் பிரான்சிஸ் என்ற தமிழ் இளைஞர். அவரும் திரும்பி வரவில்லை. வெள்ளைக்காரக் குருவின் பெயர் உலகப் பத்திரிகைகளில் வந்தது. நம் ஊர்ப் பிள்ளையின் பெயரை நம்மிலேயே எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? பயமான நாளில் பயமான பாதையில் ஒரு முதியவரைத் தனியே போகவிடாமல் கூடப்போன அந்தப் பிள்ளைக்காக, இறந்தோர் நினைவு நாளில் ஒரு மெழுகுதிரி கொளுத்துவது நமக்குப் பாரமாகாது.

இந்த இடத்தில் வாசகர் சிலர் குறுக்கிடுவது எனக்குக் கேட்கிறது. “சுவாமி, அவர் துறவி. பெண்டு பிள்ளை இல்லை. எங்களுக்கு அப்படியா? நாளைக்கு நான் இல்லையென்றால் என் பிள்ளைகளை யார் பார்ப்பது?” நியாயமான கேள்வி. துறவிகளின் வாழ்க்கையைக் காட்டிக் குடும்பத்தாரை வெருட்டுவது சரியுமன்று. ஆகவே குடும்பஸ்தர் ஒருவரைப் பார்ப்போம்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறு. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம். நம் சபையைச் சேர்ந்ததன்று. நம் பிரிந்த சகோதரர்களுடைய ஆலயம். உள்ளே நூற்றுக்கணக்கானோர். முற்றத்தில் சிறுவர்கள். ரமேஷ் ராஜு என்ற கட்டட ஒப்பந்தக்காரர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், குடும்பத்தோடு வந்திருந்தார். அவருடைய மனைவி அங்கே ஞாயிறு பாடசாலை ஆசிரியை. பெரிய பையோடு நின்ற முன்பின் தெரியாத ஓர் இளைஞன் ரமேஷின் கண்ணில் பட்டான். விசாரித்தார். உள்ளே படம் பிடிக்க வேண்டும் என்றான். அதற்கு அனுமதி பெற வேண்டும் என்று சொல்லி, அவனை உள்ளே விடாமல் வெளியே கொண்டுபோக முயன்றார். அவன் குண்டை வெடிக்கவைத்தான். ரமேஷ் அங்கேயே இறந்தார். அன்று அந்த ஆலயத்தில் ஏறத்தாழ 30 பேர் மாண்டார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் சிறுவர். அவன் உள்ளே போயிருந்தால் எத்தனை நூறு பேரோ!

ரமேஷின் பிள்ளைகள் தகப்பனை இழந்தார்கள். இதை மழுப்பிச் சொல்ல எனக்கு மனமில்லை. தியாகம் என்ற சொல்லைப் பெரிதாக எழுதி மாலை போட்டுவிட்டால் அந்த வீட்டின் வெறுமை நிரம்பிவிடாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மண்டபத்துக்குள் அவருடைய பிள்ளைகளும் இருந்தார்கள், பிறருடைய பிள்ளைகளும் இருந்தார்கள். வாசல் எல்லாருக்கும் பொது. தம் பிள்ளைகளை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வெளியேற அவருக்கு ஒருவேளை நேரம் இருந்திருக்கலாம். அவர் வாசலில் நின்றார். அந்த நேரத்தில் அவருக்கு ‘என் பிள்ளைகள்’ என்றும் ‘மற்றவர்கள்’ என்றும் இரண்டு கணக்கு இருக்கவில்லை. இப்படி ஒருவர் வாசலில் நின்றதால் உயிரோடிருப்பவர்களுக்கு ஒரு கடன் ஏறிவிடுகிறது. நாளைக்கு என் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். பிறருக்காக ஒருவர் விழுந்த பின் அவர் பிள்ளைகளின் படிப்பும் சோறும் ஊரின் பொறுப்பு ஆகாவிட்டால், அடுத்தவர் வாசலில் நிற்கத் தயங்குவதில் வியப்பென்ன?

அது ஒரு கணத்தில் நடந்தது. ஆனால் அந்தக் கணத்துக்கு முன்னே, புதியவர் ஒருவர் முற்றத்தில் நின்றால் ‘அது எனக்கு என்ன?’ என்று போகாமல், போய் விசாரிக்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. பழகாத கை அவசரத்தில் நீளாது.

ஆகவே நம் வீடுகளில் எதிலிருந்து தொடங்கலாம்? பெரிய காரியம் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நம் பாட்டிமார் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போட்டார்கள். பிடியரிசி என்று பெயர். கோவிலுக்கும் ஏழைக்கும் போகும் அரிசி அது. அதன் சிறப்பு என்ன? மிஞ்சிய சோற்றிலிருந்து கொடுத்ததன்று, சமைக்குமுன்னே எடுத்தது. இல்லாத வீட்டிலும் எடுத்தது. அதை அடுப்படியில் இருந்து பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, நம் பானையில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு என்று யாரும் தனியாகப் பாடம் எடுக்கத் தேவையிருக்கவில்லை. இப்போது காஸ் அடுப்பும் பொதி அரிசியும் வந்துவிட்டன. பானையைத்தான் காணவில்லை. அந்தப் பானையை மீண்டும் வைக்கச் சொல்கிறேன். அரிசியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வெளிநாட்டுக் காசு வந்த அன்று செலவுக் கணக்கு எழுதுமுன் எடுக்கும் ஒரு தொகையாகவும் இருக்கலாம். பிள்ளை தன் கொப்பியைக் கொண்டுபோய், வராத தோழனிடம் தானே கொடுத்துவிட்டு வருவதாகவும் இருக்கலாம். இதில் பெற்றோருக்குச் சற்று நெஞ்சு பதறும். பதறட்டும், பிள்ளை பழகும்போது நாமும் சேர்ந்து பழகுகிறோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாலை குடும்ப செபத்தின்போது லூக்கா நற்செய்தி 12ஆம் அதிகாரம், 13 முதல் 21 வரையுள்ள பகுதியை வாசியுங்கள். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனின் உவமை அது. அந்த உவமையை ஆண்டவர் எதற்காகச் சொன்னார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதுசொத்தைப் பங்கு பிரித்துத் தரும்படி சொல்லுங்கள் என்று சகோதரன்மேல் முறைப்பாட்டோடு ஒருவன் வந்து நின்றான். காணி வழக்கொன்றின் நடுவே சொல்லப்பட்ட உவமை அது! வாசித்து முடிந்ததும் அந்தச் செல்வன் ‘என்’, ‘எனக்கு’ என்று எத்தனை தடவை சொல்கிறான் என்று வீட்டிலுள்ள சிறியவரை எண்ணச் சொல்லுங்கள். அவனுடைய பேச்சில் பிள்ளைகளின் பெயரோ மனைவியின் பெயரோ வருகிறதா என்று பெரியவர்கள் பாருங்கள். பிறகு நம் வீட்டுக் கதைக்கு வாருங்கள். சென்ற மாதம் ‘பிள்ளைகளுக்காக’ என்று சொல்லி நாம் செய்தவற்றில், இன்னொரு பிள்ளையின் பங்கிலிருந்து எடுத்தது எது? நம் வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை எந்தத் தரத்தில் படிக்கிறது, இன்றைக்குச் சாப்பிட்டதா என்று நம் வீட்டில் யாருக்காவது தெரியுமா?